கப்பல் இரும்பு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில் பாகான் டத்தோ கடற்கரைப் பக்கமிருந்து இரண்டு லாரிகள் ஈப்போவை அடுத்த செமோரில் முத்தப்பனின் இரும்புக் கடைக்கு வந்து நின்றன. இரண்டின் மேலும் நீலத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பழைய இரும்பை யாரும் அப்படிப் பொத்திக் கொண்டுவருவதில்லை. கோகிலன் அதைக் கவனித்தான்.

அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. பதினெட்டு வருடமாக அந்தக் கடையில் கேஸ் வைத்து இரும்பு அறுக்கிறவன். பழைய லாரிகள், ஆலைக் கொதிகலன்கள், மூடிப்போன ரப்பர்த் தோட்டங்களின் உருளை இயந்திரங்கள், கோப்பெங் பக்கம் ஒரு குட்டையில் பல காலம் மிதந்து கிடந்த, ஈய மண் தோண்டும் ஈயக் கப்பல் என்று எல்லாவற்றையும் அறுத்திருக்கிறான். பொறி பறக்கிற நிறத்தைப் பார்த்தே இது எந்தக் காலத்து இரும்பு என்று ஓரளவு சொல்லிவிடுவான்.

தார்ப்பாயை அவிழ்த்தபோது இதுவும் ஓர் ஈயக் கப்பல் என்றுதான் முதலில் நினைத்தான். தகடுகளில் வரிசை வரிசையாக ரிவெட் இருந்தது. இந்தக் காலத்தில் யாரும் ரிவெட் அடித்துக் கப்பல் கட்டுவதில்லை. ஆனால் தகடு முழுக்கக் கடல் சிப்பி ஒட்டியிருந்தது. குட்டைத் தண்ணீரில் அந்தச் சிப்பி பிடிக்காது. ஒரு தகடு மட்டும் வட்டமாக, ஓரம் நெடுக ஆணித் துளைகளோடு, மற்றவற்றைவிட மூன்று மடங்கு தடிமனாக இருந்தது. கனமான எதையோ மேலே நிறுத்தி முடுக்குவதற்குச் செய்தது. அது என்னவென்று அன்று அவனுக்குத் தெரியவில்லை.

முத்தப்பன் அலுவலக அறையிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். அறுபதைத் தாண்டியவர். செட்டிநாட்டிலிருந்து ஈப்போவுக்கு வந்து நிலைத்த குடும்பம். தகப்பனார் ஆரம்பித்த கடையை இவர் நடத்துகிறார். கடலில் முங்கிக் கிடந்த பழைய சரக்குக் கப்பல் என்றும், தரகன் காகிதமெல்லாம் கொடுத்திருக்கிறான் என்றும், வெள்ளிக்கிழமை உருக்காலை லாரி வருவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். சொல்லும்போது இரும்பைப் பார்த்தாரே தவிர கோகிலனைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கோகிலன் ஒரு மூலைத் துண்டுக்கு வந்தான். இரண்டு சுவரும் மேலே தளமுமாக, உடைந்த பெட்டியைப் போல இருந்தது அது. உள்ளே சேறு இறுகிக் கல்லாகக் கிடந்தது. அப்படி அடைத்துக் கிடக்கும் சேற்றின் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது என்பது அவனுக்கு உடம்பாலே தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய எண்ணெய் டேங்குக்குள் இறங்கி அறுத்தபோது மிச்சமிருந்த ஆவி குப்பென்று பற்றிக்கொண்டது. மூடி சாய்ந்து டேங்கின் வாயை அடைத்துவிட்டது. வெளியே நின்றவர்கள் விலகி ஓட, முத்தப்பன்தான் வெறுங்கையால் அந்த மூடியைப் புரட்டி அவனைச் சட்டையோடு இழுத்துப் போட்டார். கோகிலனின் இடது கை முழங்கை வரை இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது. முத்தப்பனின் உள்ளங்கைகளும் அப்படித்தான்.

அதனால் அவன் தண்ணீர்க் குழாயைப் பாய்ச்சிச் சேற்றைக் கரைத்தான். முதலில் நிலக்கரிக் கட்டிகள் உதிர்ந்தன. பிறகு ஒரு தோல் செருப்பின் அடிப்பாகம். அடுத்து நீளமான குழாய்த் துண்டு போல ஒன்று வந்தது. குனிந்து கையில் எடுத்தான். அது தொடை எலும்பு.

குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றான். கிரேன் ஓட்டும் தனேஷ் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். வங்காளதேசத்துக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி வாய்க்குள் ஏதோ ஓதினார். கோகிலன் கையாலேயே சேற்றை விலக்கினான். இன்னும் எலும்புகள் இருந்தன. ஒரு மண்வெட்டியின் இரும்பு வாய் இருந்தது. அதற்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது ஒரு செம்பு. தண்ணீர் குடிக்கிற பித்தளைச் செம்பு, விளிம்பு நசுங்கியிருந்தது.

அதைக் கட்டைவிரலால் தேய்த்தபோது கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து தட்டுப்பட்டது. பாத்திரத்தில் உளி வைத்துப் பெயர் வெட்டுவார்களே, அப்படி. முதலெழுத்து தேய்ந்துவிட்டது, ‘க’வாகவும் இருக்கலாம், ‘த’வாகவும் இருக்கலாம். அடுத்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. பத்துமலை.

இதுவரை யாரோ ஒரு வெள்ளைக்காரனின் எலும்பு என்றுதான் அவன் நினைத்திருந்தான். பத்துமலைக் குகைக் கோயிலின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது இந்த நாட்டில்தான். இங்கேயே பிறந்து, இங்கேயே வேலை செய்து, தான் குடிக்கிற செம்பில் தமிழில் பெயர் வெட்டி வைத்துக்கொண்ட ஆள். கோகிலன் நிமிர்ந்து தளத்தைப் பார்த்தான். மேலே ஏறிப் போக ஒரு வாய் இருந்தது. வட்டமான இரும்பு மூடி அதை அடைத்திருந்தது. சுற்றிவந்து மேல்பக்கத்தைப் பார்த்தான். மூடியின் ஆறு கொண்டிகளும் வெளியிலிருந்து இறுக்கித் திருப்பியபடியே துருவேறிப் போயிருந்தன.

முத்தப்பனைக் கூப்பிட்டு வந்து காட்டினான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்தார். செம்பை வாங்கிப் படித்தார்.

“ஒரு வெள்ளைத் துணியில எடுத்து வை, கோகிலா,” என்றார் கடைசியில். “நாளைக்கே ஐயரக் கூப்பிட்டு முறையா எரிச்சு, லூமுட் கடல்ல கரைச்சிருவோம். நானே கொள்ளி வைக்கிறேன். சொந்தக்காரனுக்குச் செய்ற மாதிரி செய்றேன்.”

போலீசுக்குச் சொல்ல வேண்டாமா என்று கோகிலன் கேட்டான். போலீஸ் வந்தால் கடைக்குப் பூட்டுத்தான் என்றார் அவர். பன்னிரண்டு பேர் இந்தக் கடையை நம்பி இருக்கிறார்கள், செத்தவர்களுக்கு மரியாதை செய்தால் போதாதா, இருக்கிறவர்களையும் தெருவில் நிறுத்த வேண்டுமா என்றார். அவர் பேச்சில் பொய் இல்லை. அதுதான் கோகிலனுக்குக் கஷ்டமாக இருந்தது. இன்றைக்கு இதை யாரும் தொட வேண்டாம், நாளைக் காலையில் பேசுவோம் என்று மட்டும் சொல்லிவிட்டு மூன்று மணிக்கே காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டான்.

போனது சித்தியவானுக்கு. மனைவி ஷர்மினியின் அண்ணன் விக்னேஸ்வரன் அங்கே படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் இருபத்தொரு வருடம் லூமுட் கடற்படைத் தளத்தில், கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை. கோகிலன் கைப்பேசியில் எடுத்திருந்த படங்களை அவர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். துளைகள் போட்ட வட்டத் தகடு வந்ததும் நிறுத்தினார்.

“இது மேல பீரங்கி நின்னிருக்கு,” என்றார். “பொறந்தப்ப சரக்குக் கப்பல்தான் மாப்ள. சாகும்போது போர்க்கப்பல்.”

பிறகு நடந்ததை விளக்கினார். ஜப்பானியச் சண்டை வந்தபோது இந்தக் கரையோரம் அரிசியும் ரப்பரும் ஏற்றிக்கொண்டிருந்த சின்ன நீராவிக் கப்பல்களை வெள்ளைக்காரர்களின் கடற்படை எடுத்துக்கொண்டது. முன்பக்கம் ஒரு பீரங்கியைப் பொருத்திச் சாம்பல் நிறம் அடித்துக் கொடி ஏற்றினால் அது போர்க்கப்பல். 1941 டிசம்பரில் கிழக்குக் கரையில் குவாந்தானுக்கு அப்பால் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் ஒரே நாளில் முங்கிவிட்டன. அவற்றைப் பற்றி உலகமே எழுதியது. அதற்குப் பிறகு ஜப்பானியர்கள் இந்தப் பக்கத்துக் கரையில் படகு படகாக இறங்கியபோது நடுவில் நிற்பதற்கு இருந்தவை இந்த மாதிரிச் சின்னக் கப்பல்கள்தான். மேலே இருந்த அதிகாரிகள் புதிதாக வந்தார்கள். கீழே அடுப்பில் கரி தள்ளியவர்கள் கப்பலோடு வந்தவர்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர். கப்பலைக் கேட்டு எடுத்த மாதிரி அவர்களைக் கேட்டிருப்பார்களா என்று தனக்குத் தெரியாது என்றார்.

கோகிலன் அந்த மூடியின் படத்தைக் காட்டினான். யார் இப்படி வெளியிலிருந்து இறுக்கியிருப்பார்கள் என்று கேட்டான்.

விக்னேஸ்வரன் கொஞ்ச நேரம் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். “தண்ணி உள்ள வந்தா மூடிரணும். உள்ள யாரு இருந்தாலும் மூடணும். ஒரு அறை போனா கப்பல் மெதக்கும், ரெண்டு போனா எல்லாரும் போயிருவாங்க. மொத மாசப் பயிற்சியிலயே சொல்லிக் குடுப்பாங்க மாப்ள. நானும் மூடப் பழகுனவன்தான். அந்த மாதிரி மூடிக்குக் கீழ வேலை செஞ்சவனும் நான்தான்.”

முத்தப்பன் சொன்னதையும் கோகிலன் சொன்னான். ஐயரை வைத்து எரித்துவிடலாம் என்கிறார், அதுவும் மரியாதைதானே என்றான். அவன் மனம் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

“பத்துமலைக்கு அது சரி,” என்றார் விக்னேஸ்வரன். “கூட நின்னவரு இஸ்லாமா இருந்தா? அங்க கெடக்குறது எத்தன பேரு எலும்புன்னு உனக்குத் தெரியுமா? போர்க்கப்பல் முங்கிக் கெடந்தா அது சமாதி. அத யாரோ தோண்டி வித்திருக்காங்க. கடலுக்கடியில இன்னும் மிச்சம் இருக்கும். நீ பேசாம இருந்தா அடுத்த வாரம் இன்னும் ரெண்டு லாரி வரும்லா.”

அந்தக் கடைசி வார்த்தைதான் கோகிலனை அசைத்தது.

வீட்டுக்கு வந்து ஷர்மினியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஒரு கையுறை ஆலையில் வேலை செய்கிறாள். இரண்டு பிள்ளைகளும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை போனால் என்ன ஆகும் என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தான். அவள் அதைக் கேட்கவில்லை. “போறதா இருந்தா போங்க. ஆனா அவரு முதுகுக்குப் பின்னால போகாதீங்க,” என்றாள். “உங்களத் தூக்குன கை அது. மொதல்ல அவருகிட்ட சொல்லுங்க.”

வியாழக்கிழமை எட்டு மணிக்கு முத்தப்பனின் அறையில் போய் நின்றான். போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன் என்று சொன்னான். அவர் உட்காரச் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

“அன்னைக்கு அந்த டேங்குக்கு வெளிய நானும் நின்னு வேடிக்கை பாத்திருந்தா இன்னைக்கு நீ இப்படி வந்து நிப்பியா?”

“நிக்க மாட்டேன் மொதலாளி. எனக்கு நீங்க மூடியத் தொறந்தீங்க. அவங்களுக்கு யாரும் தொறக்கல. எம்பது வருசம் கழிச்சு என் கையிலதான் தொறந்திருக்கு. நான் எப்படித் திரும்ப மூடுவேன்?”

முத்தப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போ என்றார். என்ன எழுதிக் கொடுக்கணுமோ கொடு, இனிமேல் இந்தக் கேட்டுக்குள் வராதே என்றார். குரல் உயரவில்லை.

போலீஸ் நிலையத்தில் விஷயத்தைப் புரியவைக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதலில் கொலை என்று நினைத்தார்கள். அடுத்து வெடிகுண்டு இருக்குமோ என்று யோசித்தார்கள். கடைசியில் ஒரு மலாய் இன்ஸ்பெக்டர் படங்களைப் பார்த்துவிட்டு எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். பதினொரு மணிக்கு அவர்களுடைய வண்டி கடையை நெருங்கியபோது கேட்டுக்கு வெளியே உருக்காலையின் லாரி நின்றுகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வர வேண்டிய லாரி அது. எல்லாம் போய்விட்டது என்றே கோகிலன் நினைத்தான்.

உள்ளிருந்து எதுவும் போகவில்லை. தகடுகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. மூலைத் துண்டின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முத்தப்பன் உட்கார்ந்திருந்தார். எலும்புகளின் மேல் புது வேட்டி ஒன்று விரித்திருந்தது. வெயில் நேராக அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் கேட்டதற்கெல்லாம் மலாயில் பதில் சொன்னார். தரகனின் பெயரையும் கொடுத்தார். கோகிலனை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

லாரிக்காரர் பிறகு சொன்னார்: எட்டரை மணிக்கு முத்தப்பன் அவசரமாகக் கூப்பிட்டாராம், உடனே வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி. பத்து மணிக்கு லாரி வந்தபோது அவரே கேட்டில் வந்து நின்று, உள்ளே விட மாட்டேன், காலி வண்டியாகவே திரும்பிப் போ என்றாராம். லாரிக்காரர் கோபித்துக்கொண்டு அங்கேயே டீ குடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எட்டரைக்கும் பத்துக்கும் நடுவில் முத்தப்பனின் மனதில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். அது ஒரு வருடத்துக்கு மேல் திறக்கவில்லை. பன்னிரண்டு பேரும் வேறு வேலை தேடிப் போனார்கள். தனேஷுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் தேதியைத் தள்ளிப்போட்டார்கள். சந்தையில் கோகிலனைக் கண்டால் தனேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். கோகிலன் விக்னேஸ்வரனின் பட்டறைக்கு வேலைக்குப் போனான். ஈப்போவிலிருந்து தினமும் போய்வர நேரம் பிடித்தது. செய்தது சரியா என்று அந்தப் பாதையில் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டான். சில நாள் சரி என்று தோன்றும். சில நாள் தோன்றாது.

தரகனைப் பிடித்தார்கள். அவன் மூலமாகக் கடலில் தோண்டிய படகையும், தோண்டிய இடத்தையும் கண்டுபிடித்தார்கள். கொதிகலனில் இருந்த ஒரு பித்தளைத் தகட்டை வைத்துக் கப்பலின் பெயரும் தெரிந்தது. ஸ்ரீ பெர்னாம். 1942 ஜனவரி முதல் வாரத்தில் அது பேராக் ஆற்று முகத்துக்கு இரண்டு தடவை போய், பின்வாங்க வழியில்லாமல் சதுப்பில் மாட்டிக்கொண்டிருந்த சிப்பாய்கள் நூற்றெழுபது பேரை ஏற்றிவந்து இறக்கியிருக்கிறது. மூன்றாம் தடவை போகும்போது விமானம் குண்டு போட்டது. பிழைத்தவர்கள் பதினொரு பேர். கடற்படையிலிருந்து வந்த கடிதத்தில் இதெல்லாம் இருந்தது. இறந்தவர்களின் பட்டியலும் இருந்தது. அதிகாரிகள் எட்டுப் பேர், பெயரோடு. மலாய் மாலுமிகள் பதினான்கு பேர், பெயரோடு. கடைசி வரியில் ‘கொதிகலன் ஆட்கள், உள்ளூர், ஆறு’ என்று மட்டும் இருந்தது.

எலும்புகள் குறைந்தது மூன்று பேருடையவை என்றும், பிரிக்க முடியாது என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். செம்பு வழக்குக்கான சான்றுப் பொருளாக அலமாரிக்குப் போயிற்று.

விக்னேஸ்வரன் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு சிறிய அறிவிப்புப் போடச் செய்தார். மூன்று வாரம் கழித்து கோப்பெங்கிலிருந்து ஒருவர் கோகிலனைக் கூப்பிட்டார். பெயர் இராமசாமி. எழுபத்தொரு வயது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவின் மூத்த அண்ணன் பெயர் பத்துமலை. பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டத்தில் எஞ்சின் கொட்டகையில் வேலை செய்தவர், தெலுக் ஆன்சனில் கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனவர் திரும்பவில்லை. படம் எதுவும் இல்லை. தாத்தாவின் பெயர் கருப்பண்ணன். அப்படியானால் முதலெழுத்து ‘க’. ஆனால் அந்தக் காலத்தில் பத்துமலை என்ற பெயர் எத்தனையோ பேருக்கு இருந்தது. அவருடைய எச்சிலை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். எலும்பு கடலில் அதிக காலம் கிடந்துவிட்டதால் ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

இதைச் சொல்லக் கோகிலன் நேரிலேயே கோப்பெங்குக்குப் போனான். அவர் மனம் உடைந்துவிடும் என்று பயந்தான். இராமசாமி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

“கடல்ல விடும்போது நான் வரலாமா தம்பி?”

“வரலாம் ஐயா. ஆனா அவருதான்னு உறுதியா...”

“எங்க பெரியப்பாவா இல்லாட்டியும் பரவால்ல. யாரோ ஒருத்தரு வீட்டு ஆளுதானே. அந்த வீட்டுலேர்ந்து யாரும் வர முடியாது. நான் வாரேன்.”

சம்பவம் நடந்து பதினான்கு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் லூமுட்டிலிருந்து ஒரு ரோந்துக் கப்பல் புறப்பட்டது. பின்தளத்தில் கொடி போர்த்திய ஒரு பெட்டி இருந்தது. ஓர் இமாம், ஒரு பாதிரியார், சித்தியவான் கோயிலிலிருந்து ஒரு குருக்கள் மூவரும் வந்திருந்தார்கள். அன்று கப்பலில் கொடி ஏற்றிய நாட்டின் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கோகிலனும் விக்னேஸ்வரனும் இராமசாமியும் ஒரு பக்கம் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி வெள்ளை வேட்டி சட்டையில் முத்தப்பன் தனியாக நின்றார். திருட்டு இரும்பை வாங்கிய குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவரை அழைப்பார்கள் என்று கோகிலன் நினைக்கவில்லை. அவர் தானாகவே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார்.

கரை மறைந்த பிறகு இராமசாமி கோகிலனின் பக்கம் நகர்ந்து வந்தார். “நீங்கதானே தம்பி மொதல்ல பாத்தது? அவங்க எப்படிச் செத்தாங்க?” என்று கேட்டார்.

கோகிலன் விக்னேஸ்வரனைப் பார்த்தான். அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள், கையில் மண்வெட்டி இருந்தது, வேலை இடத்தை விட்டுப் போகவில்லை என்று சொல்லி நிறுத்திவிடலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பாதியை மறைக்க அவனால் முடியவில்லை. மூடியைப் பற்றிச் சொன்னான். ஆறு கொண்டிகளையும் சொன்னான். எதற்காக மூடுவார்கள் என்பதை விக்னேஸ்வரன் எடுத்துச் சொன்னார்.

இராமசாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். “மூடுனவரு பொழச்சாரா?” என்று கேட்டார்.

“தெரியலங்க ஐயா. பொழச்சது பதினொரு பேரு. அதுல அவரு இருந்தாரான்னு தெரியல.”

“இருந்திருந்தா பாவம்,” என்றார் அவர்.

கப்பல் எஞ்சினை அடக்கி மெதுவாக நின்றது. கடல் தட்டையாக, பச்சையும் சாம்பலுமாகக் கிடந்தது. அந்த இடம் என்று காட்ட ஒரு மிதவைகூட இல்லை. இமாமும் பாதிரியாரும் குருக்களும் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் முறைப்படி ஓதினார்கள். கப்பலின் தலைவர், நாற்பது வயது மலாய் அதிகாரி, பட்டியலை எடுத்து இறந்தவர்களின் பெயர்களை உரக்கப் படித்தார். பத்துமலையின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று விக்னேஸ்வரன் மூன்று கடிதம் எழுதியிருந்தார். ஆவணத்தில் உள்ள பெயரை மட்டுமே படிக்க முடியும் என்று மூன்று முறையும் பதில் வந்திருந்தது. அதிகாரி கடைசி வரியைப் படித்தார். கொதிகலன் ஆட்கள், ஆறு பேர், பெயர் தெரியாது.

காகிதத்தை மடித்த பிறகு அவர் இராமசாமியின் பக்கம் திரும்பினார். என் காகிதத்தில் உள்ளது முடிந்துவிட்டது, பாக்சிக், பெரியவரே, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம், நாங்கள் காத்திருக்கிறோம் என்று மலாயில் சொன்னார்.

இராமசாமி பெட்டிக்குப் பக்கத்தில் போனார். சட்டைப் பையிலிருந்து எழுதி வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, கொடியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“பெரியப்பா,” என்றார்.

அவ்வளவுதான் அவரால் முடிந்தது. உறுதியில்லை என்று மருத்துவர் சொன்னதும், வேறு யாராகவும் இருக்கலாம் என்று தானே சொன்னதும் அந்த நேரத்தில் அவருக்கு நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. கோகிலன் முன்னால் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, “பத்துமலை,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். மாலுமிகள் விறைத்து நின்று கையை உயர்த்தினார்கள். பெட்டி பலகையில் சறுக்கித் தண்ணீருக்குள் போயிற்று. சில குமிழிகள் வந்தன. பிறகு அவையும் நின்றன. முத்தப்பன் இரண்டு கைகளையும் கூப்பியபடி, மற்றவர்கள் நகர்ந்த பிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

லூமுட் துறையில் இறங்கி, இராமசாமியை விக்னேஸ்வரனின் காரில் ஏற்றிவிட்டுக் கோகிலன் திரும்பியபோது முத்தப்பன் எதிரே நின்றார். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அவனிடம் பேசினார். கடையைத் திறக்க அனுமதி கிடைத்துவிட்டது என்றார். சின்னதாகத்தான் ஆரம்பிக்கிறேன், நான்கு பேர் திரும்பி வருகிறேன் என்றிருக்கிறார்கள் என்றார்.

“திங்கக்கிழமை வா.”

“தனேசு இருப்பானே மொதலாளி. அவன் என்னோட பேச மாட்டான்.”

“பேசாட்டி என்ன. நான் ஒரு வருசம் பேசல, செத்தா போயிட்டோம்?” என்றார் முத்தப்பன். பிறகு குரலைத் தாழ்த்தி, “அன்னைக்கு லாரியக் கூப்பிட்டது நான்தான். அது உனக்குத் தெரியும்ல?” என்று கேட்டார்.

தெரியும் என்றான் கோகிலன். திருப்பி அனுப்பியதும் தெரியும் என்றான்.

திங்கட்கிழமை அவன் போனான். தனேஷ் கிரேனிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். அந்த மாதம் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. அடுத்த மாதம், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், சங்கிலி நழுவி ஒரு பெரிய தகடு சாய்ந்து நின்றது. தனேஷ் குதித்திறங்கி ஒரு முனையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, அந்தப் பக்கம் புடிங்க,” என்றான். கோகிலன் ஓடிப்போய்ப் பிடித்தான்.